இன்ஜினுக்கு வைத்த சந்தனப் பொட்டு

எரியாத பெட்ரோலின் நெடியும் ஈரச் சாக்குக்குள் அடைபட்ட மல்லிகை மொட்டுகளின் மணமும் ஒன்றாகக் கலந்தால் வருகிற வாசனை நல்லதா கெட்டதா என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பு படித்த காலத்தில் என் பள்ளிச் சீருடையில் அந்த வாசனைதான் இருந்தது. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் முதலில் ஆசையாக மூக்கை நீட்டி 'பூவா' என்பார்கள். அடுத்த மூச்சில் பெட்ரோல் எட்டியதும் மெல்ல நகர்ந்துகொள்வார்கள்.

அகரத்தைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். மல்லியும் முல்லையும் கனகாம்பரமும் விளைகிற செம்மண் பூமி, ஆனால் அதில் ஒரு சாண்கூட எங்களுடையது அல்ல. அப்பா அடுத்தவர் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர். பிறகு சைக்கிள் கேரியரில் பூச்சாக்குகளைக் கட்டித் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலைக்கு மாறினார். கடைசியில் மூன்று கை மாறி வந்த ஒரு பெட்ரோல் காரை வாங்கினார். சாம்பல் நிறம், என்னைவிட வயதில் மூத்தது. பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே சாக்குகளை அடுக்கினோம். முன்னால் அப்பாவுக்குப் பக்கத்துச் சீட்டு என்னுடையது. விடிவதற்குள் ஊரெல்லாம் சுற்றிப் பூ ஏற்றி, விலை சரிவதற்குள் மார்க்கெட்டில் இறக்கி, அப்படியே என்னை டவுன் பள்ளிக்கூடத்து வாசலில் விட்டுவிட்டுத் திரும்புவது அப்பாவின் நடைமுறை. எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் கிளம்பிப் போய்ச் சேரும்போது பள்ளியில் முதல் பாடவேளை முடிந்திருக்கும். ஆகவே அந்தக் கார் இருந்ததால்தான் நான் டவுனில் படித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தவர் ஒருவரும் இல்லை. பஸ்ஸின் பலகையைப் படித்துச் சொல்வதற்கே ஒருகாலத்தில் அம்மா அடுத்தவரைக் கேட்டு நின்றிருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து கிளம்பி, அந்த முன் சீட்டில் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, அடக்கமும் இல்லை.

வாங்கிய ஒரு வருடம் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் விடிகாலையில் திணற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி முன்னே போகாமல் குலுங்கும். இருமுவது போல நாலைந்து முறை விக்கும். பின்னாலிருந்து சைலன்சர் 'பட்டார்' என்று வெடிக்கும். தென்னைகளில் இருந்த காகங்கள் மொத்தமாக எழும்பும். ஊர்ப் பையன்கள் அன்றே 'வேட்டு வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நாகல்நகர்ச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கரி பிடித்துச் செத்துக் கிடக்கின்றன என்று சொல்லிப் புதிதாக மாட்டினார். வண்டி சரியாகிவிட்டது. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அது நான் வயதுக்கு வந்து, சடங்கு முடிந்து, மறுபடி பள்ளிக்குக் கிளம்பிய வாரமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் பூத்தோட்டக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மாதவிலக்கில் 'தூரமான' பெண்கள் மல்லித் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மொட்டு கருகும், செடி காய்ந்துபோகும் என்பார்கள். அந்த நாட்களில் பூப்பறிக்கிற பெண்கள் தாங்களாகவே வரப்புக்கு வெளியே நின்றுவிட்டுக் கூலி இல்லாமல் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களை விரட்ட வேண்டியதில்லை. அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒரு தோட்டக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் காரில் ஏறும் சாக்குகளில் பாதி அவளுடையவை. மீதிப் பாதி அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களுடையவை. ஒருநாள் சாக்கை ஏற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே அவள் அப்பாவிடம் கேட்டாள்:

"ஏன்டா தம்பி, சாமிக்குப் போற பூவு. அதுக்கு முன்னாடி தூரத்துப் பிள்ளையை உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறியே, வண்டி வெடிக்காம என்ன செய்யும்?"

அப்பா பிளக் விஷயத்தைச் சொன்னார். "பிளக்கு ஏன் போச்சு?" என்று அத்தை திருப்பிக் கேட்டாள். அப்பா சாக்கின் முடிச்சை இறுக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு ஆறிப்போகிறவரை அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு அப்பாவின் வாயில் பாதி வந்தது. அதை மீதி வர விடாமல் தடுத்தவள் அம்மாதான். பிள்ளை ஒருநாள்கூடப் பாடம் விடக் கூடாது, அதற்கு ஒரு வழி செய்கிறேன் என்றாள். மஞ்சளும் கோமியமும் கலந்த தண்ணீரைத் தெளித்துவிட்டால் தீட்டுக் கழிந்துவிடும், பிறகு பிள்ளை உட்காரலாம், பூவும் போகலாம் என்பது அவள் கண்டுபிடித்த வழி. அத்தையிடம் போய் மன்றாடி ஒப்புக்கொள்ள வைத்தவளும் அவள்தான். அத்தை ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: "சீட்டுல மட்டும் தெளிச்சா போதுமா? சத்தம் எங்க இருந்து வருதோ அங்கயும் தெளி."

அதன்பின் மாதத்தில் அந்த நாட்கள் வந்தால், இருள் பிரியும் முன்பே அம்மா செம்போடு வாசலுக்கு வந்துவிடுவாள். அப்பா பானெட்டைத் தூக்கிப் பிடிப்பார். அம்மா வேப்பங்கொத்தால் இன்ஜின் மேல் தெளிப்பாள். இன்ஜினின் ஒரு பக்கத்தில் உருண்டையாக, கறுப்பாக ஒரு மூடி இருந்தது. அதன் தலையிலிருந்து ஐந்து தடித்த வயர்கள் எழும்பி வளைந்து நின்றன. அம்மாவின் கண்ணுக்கு அது ஐந்து தலை நாகமாகத் தெரிந்தது. வண்டிக்குள் தானாக வந்து குடியிருக்கிற அம்மன் என்று நினைத்தாளோ என்னவோ, ஒவ்வொரு தலையடியிலும் சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பிறகு என்னைப் பார்த்து ஏறச் சொல்லித் தலையசைப்பாள். அவள் முகத்தில் அப்போது ஒரு வெற்றி இருக்கும். ஊரையும் சாமியையும் சரிக்கட்டி மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவளின் வெற்றி அது.

வண்டி அகரம் தாண்டுவதற்குள் வெடிக்கும்.

தவறாமல் அந்த நாட்களில்தான் வெடித்தது. மற்ற நாட்களில் பெரும்பாலும் தொல்லை கொடுக்காது; மார்கழிப் பனி இறங்கிய சில விடியல்களில் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். நான் தூரமாக இருந்து ஏறிய நாளில் மட்டும் குலுங்கி, விக்கி, வெடித்து, வழியில் இரண்டு இடத்தில் நின்று, மார்க்கெட்டில் நல்ல விலை சொல்கிறவர்கள் கையைக் கழுவிக்கொண்டு போன பிறகு போய்ச் சேரும். அப்பா என்னைத் திட்டியதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வை என் பக்கம் திரும்பாமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பது அவர் தாடையில் தெரியும். நான் மூச்சைக்கூடச் சின்னதாக விட்டுக்கொண்டு, தொடைகளை ஒடுக்கி, சீட்டின் நுனியில் உட்கார்ந்திருப்பேன். எனக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கசிந்து, சீட்டின் வழியாக, தகரத்தின் வழியாக இறங்கி இன்ஜினுக்குள் போகிறது என்று அப்போது முழுமையாக நம்பினேன். அறிவியலில் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் நான். என்றாலும் நம்பினேன். கண்ணெதிரே நடப்பதை எப்படி நம்பாமல் இருப்பது?

அப்பா விடாமல் பாயிடம் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் பூ இறக்கி, என்னை விட்டுவிட்டு, வெயிலேறிய பிறகு பட்டறைக்குப் போவார். அதற்குள் இன்ஜின் சூடேறி எல்லாம் காய்ந்திருக்கும்; காய்ந்த சந்தனத்தையும் கூச்சப்பட்டு அவரே தட்டிவிட்டிருப்பார். பாய் ஸ்டார்ட் செய்தால் வண்டி சமர்த்தாக நிற்கும். அப்பா வாயாலேயே 'டுப், டுப், பட்டார்' என்று வெடித்துக் காட்டுவார். "நீங்கதாண்ணே வெடிக்கிறீங்க, வண்டி எங்க வெடிக்கிது?" என்பார் பாய். இருந்தாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒருமுறை கார்பரேட்டரைக் கழுவினார். ஒருமுறை டேங்கில் தண்ணீர் இருக்கும் என்று பெட்ரோலை வடித்தார். ஒருமுறை டைமிங்கைத் திருப்பி வைத்தார். ஒவ்வொரு முறையும் 'மிஸ்ஸிங்' என்கிற அந்த விக்கல் இனி வராது என்று சத்தியம் செய்தார். அடுத்த மாதம் வரை வராமலும் இருந்தது. பட்டறையில் வண்டி ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு அத்தையிடம் விளக்கம் தயாராக இருந்தது: அப்போதுதான் நான் இறங்கிப் பள்ளிக்குள் போயிருப்பேனே.

கார் வெடிக்க வெடிக்க அம்மா சந்தனத்தைக் கூட்டினாள். தெளிப்பது ஊற்றுவதாக மாறியது.

வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்த நாள். பள்ளி விடுமுறைதான், ஆனால் பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்குத் தனி வகுப்பு வைத்திருந்தார்கள். சாக்குகள் காரின் கூரைவரை முட்டிக் கிடந்தன. ஒவ்வொரு தோட்டக்காரரும் விலையைக் கனவு கண்டு கொடுத்தனுப்பிய பூ. எனக்கு அன்று வயிற்றுவலி தொடங்கியிருந்தது. அம்மா செம்பு முழுவதையும் ஊற்றினாள். அகரத்தைக் கடந்து, தாடிக்கொம்பை நெருங்கும் முன்பே வண்டி ஒரு பெரிய வெடியோடு நின்றது. அப்பா செல்ஃபை அடித்து அடித்துப் பார்த்தார். சைலன்சர் நெருப்பைத் துப்பியது, வண்டி அசையவில்லை. செல்போனில் பாயைக் கூப்பிட்டு அழாத குறையாகப் பேசினார். பாய் மொபெட்டில் வந்து சேர்ந்தபோதும் சரியாக விடியவில்லை. அந்த இருட்டுத்தான் உண்மையைக் காட்டியது.

பானெட்டைத் தூக்கிவிட்டுப் பாய் டார்ச்சை அணைத்தார். அப்பாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். நானும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். அந்தக் கறுப்பு மூடியின் மேல் நீல நிறத்தில் மெல்லிய நெருப்புக் கோடுகள் ஓடின. ஒரு வயரின் அடியிலிருந்து இன்னொரு வயரின் அடிக்கு, சந்தனம் அப்பியிருந்த வழியிலேயே, ஈரத்தின் மேல் ஊர்ந்து ஊர்ந்து தாவின. அம்மா நாகம் என்று நினைத்ததில் தப்பே இல்லை என்பது போல இருந்தது. பாய் டார்ச்சை மறுபடி போட்டார். பிறகு விரலால் மூடியை வழித்து மோந்து பார்த்தார்.

"யாருண்ணே இதுக்குப் பூசை போட்டது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். நடு வயர் வழியாக வரும் கரண்டை அந்த மூடிதான் மற்ற நான்கு வயர்கள் வழியாக நான்கு பிளக்குகளுக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கிறது. அது எலும்பு போல உலர்ந்திருக்க வேண்டும். ஈரமும் கோமியத்து உப்பும் பட்டால் கரண்டு போகவேண்டிய பிளக்குக்குப் போகாமல் குறுக்கே தாவிவிடும். எரியவேண்டிய நேரத்தில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் வெடிக்கும். "மொதல்ல வந்தது பிளக்குக் கோளாறு, அத நான் அன்னைக்கே மாத்திட்டேன். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் உங்க வீட்டு அபிசேகம்" என்றார். பெட்ரோலில் நனைத்த துணியால் மூடியை உள்ளும் புறமும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து மாட்டினார். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்தது. அப்படி ஒரு சீரான சத்தத்தை அந்த வண்டியிடம் நான் கேட்டதே இல்லை.

அந்த ரோட்டோரத்தில் எனக்குள் நடந்ததை எழுதிக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. மாதக்கணக்காக என் உடம்பின் மேல் சுமத்தப்பட்டிருந்த பழி ஒரு கந்தல் துணியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு பாயின் கையில் இருந்தது. நான் இல்லை. என்னால் இல்லை. ஈரத்தில் மின்சாரம் பாய்கிறது என்பது என் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார், சிரிக்கவும் செய்தார்.

முகூர்த்த நாளில் மார்க்கெட் விடியும் முன்பே கூடிக் கலைந்துவிடும்; நாங்கள் போனபோது கூட்டம் போயிருந்தது. கேட்ட விலைக்குப் பூவைத் தள்ளிவிட்டு வந்தோம். அது எனக்குப் பெரிதாகவே படவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அத்தையும் இன்னும் இரண்டு தோட்டக்காரர்களும் விலைக் கணக்குக் கேட்க வந்திருந்தார்கள். அப்பா நடந்ததைச் சொன்னார். நான் குறுக்கே புகுந்து, மூடி என்ன செய்கிறது, உப்பு என்ன செய்கிறது என்று வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். அம்மா தன் வலதுகை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனம் குழைத்த விரல்கள்.

அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சண்டை போடாமல், மிகச் சாதாரணமாகச் சொன்னாள்: "சரி தாயி, தண்ணி பட்டுத்தேன் வெடிச்சிருக்கு, ஒத்துக்கிறேன். தண்ணிய எதுக்குத் தெளிச்சாக? நீ ஏறுனதுக்குத்தேன? நீ ஏறலேன்னா தண்ணியும் வேணாம், வெடியும் இல்ல."

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. தீட்டே இல்லை என்பதுதான் பதில். ஆனால் அது பாயின் துணியில் ஒட்டிக்கொண்டு வரக்கூடிய பதில் அல்ல. பானெட்டைத் தூக்கி அதைக் காட்ட முடியாது. நான் சொன்னேன், சத்தம் போட்டே சொன்னேன். தோட்டக்காரர்களில் ஒருவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "படிக்கிற பிள்ளை பேசத்தான செய்யும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர்கள் போனபிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"தண்ணி தெளிக்காம உன்னைய ஏத்துனா அவுக பூவு தரமாட்டாக. தெளிச்சா வண்டி ஓடாது. நான் என்ன செய்யட்டும், சொல்லு தாயி."

அம்மாவின் கோமியத் தண்ணீர் முட்டாள்தனம் என்று காலையில் நான் சந்தோஷப்பட்டேன். அந்த முட்டாள்தனம்தான் என்னை அந்தச் சீட்டில் உட்காரவைத்திருந்த ஒரே அனுமதிச் சீட்டு என்பது மாலையில்தான் புரிந்தது. கோளாறு சரியானபோது அதுவும் சேர்ந்து துடைத்தெடுக்கப்பட்டுவிட்டது.

அதன்பின் அந்த நாட்களில் நான் முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்து போனேன். வருகைப் பதிவு முடிந்து, முதல் பாடவேளையான கணக்கும் முடிந்த பிறகு வகுப்புக்குள் நுழைவேன். ஏன் தாமதம் என்று கேட்ட டீச்சரிடம் ஒருமுறை உண்மையைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, போய் உட்கார் என்றார். அதற்குமேல் கேட்கவில்லை, அவருக்கும் அது புதிதாக இருந்திருக்காது.

கார் அதற்குப் பிறகு ஒருநாள்கூட வெடிக்கவில்லை. இதைவிடக் கொடுமை எனக்கு வேறு வேண்டியதில்லை. மூடி உலர்ந்திருந்ததால் வெடிக்கவில்லை. ஆனால் ஊர் பார்த்தது வேறு. அந்தப் பிள்ளையை ஏற்றுவதை நிறுத்தினார்கள், வண்டி சரியாகிவிட்டது. பக்கத்து ஊர்வரை இந்தக் கதை போனது. ஷேர் ஆட்டோவில் பூவோடு டவுனுக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்த இன்னொரு பெண்ணின் வீட்டிலும் எங்கள் காரைத்தான் சாட்சியாகச் சொன்னார்களாம். அவள் பத்தாம் வகுப்பை முடிக்கவில்லை. அவள் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுத மனம் வரவில்லை. அம்மா மட்டும் என்னிடம் தனியாக ஒருநாள் கேட்டாள்: "நான் சும்மா இருந்திருந்தா வண்டி ஓடியிருக்குமாடி?" ஓடியிருக்கும், ஆனால் நான் அதில் இருந்திருக்க மாட்டேன் என்று சொன்னேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்கத் துணியவில்லை.

நான் படித்து முடித்துவிட்டேன். இயற்பியலில் பட்டம் வாங்கி, இப்போது திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். வகுப்புக்கு ஒருநாளும் பிந்திப் போவதில்லை. அப்பாவின் காரைப் பழைய இரும்புக்காரர் வாங்கிப்போய் வருடங்கள் ஆகின்றன. அந்த மாதிரி வண்டியே இப்போது ரோட்டில் இல்லை. புதிய வண்டிகளின் பானெட்டைத் திறந்தால் வழவழப்பான பிளாஸ்டிக் பலகை ஒன்றுதான் தெரிகிறது. ஐந்து வயரும் இல்லை, உருண்டை மூடியும் இல்லை, ஈரம் புகுவதற்கு இடமும் இல்லை. பாயின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

பூ இப்போது அத்தை மகனின் புது வேனில் போகிறது. அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு, அதே டவுனில்தான் படிக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போய்விட்டுக் காலையில் திரும்பும்போது, பஸ் நிறுத்தத்தில் அவள் பையோடு தனியாக நிற்பதைப் பார்த்தேன். கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அன்றே அவள் அப்பாவைப் போனில் பிடித்து, எங்கள் காரின் கதையை முதலிலிருந்து சொன்னேன். மூடி, சந்தனம், நீல நெருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா புள்ள? அந்தக் காலத்து ஆளுக வெடிக்கும்னு பயந்தாக. இந்த வண்டி எங்க வெடிக்கப்போவுது? எல்லாம் கம்ப்யூட்டரு. வெடிக்கும்னா அவளைய ஏத்தாம இருக்கோம்? ஒரு பழக்கம், அம்புட்டுத்தேன்."

நான் போனை வைத்துவிட்டேன். எங்கள் காலத்தில் குறைந்தபட்சம் ஒரு பொய்யான காரணமாவது இருந்தது. அதைக் கழற்றிக் காட்ட ஒரு மூடி இருந்தது. துடைக்க ஒரு துணி இருந்தது. இவர்களிடம் எதைக் கழற்றுவது?

அந்தப் பெண்ணிடமும் பேசினேன். நான் பேசிப் பார்க்கிறேன், உன்னை வேனில் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறேன் என்றேன். அவள் தன் அப்பாவைப் பற்றியும் குறை சொல்லவில்லை, என் வாக்குறுதியையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"விடுங்க சித்தி, மொத பீரியடு எப்பவும் பிரேயரும் அட்டென்டன்சும்தான். நான் பாடத்த அப்புறமா எழுதிக்கிருவேன்" என்றாள்.